கயிறில்லாத ரிவோல்வர்

பழஞ்சாரத் துணியில் சுற்றிய ஒரு ரிவோல்வரை யாராவது உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறார்களா? எனக்குத் தந்தார்கள். போன மாதம்.

கொண்டுவந்தவர் கிண்ணியா ரகீம் நானா. எங்கள் வீட்டுக்கு மீன் தருபவர். வலையில் ஏறியதாம். துரு, சிப்பி, சேறு...

"பொலிசில குடுக்கலாமே?" என்றேன்.

"எங்க எடுத்த, ஆரோட எடுத்த எண்டு என்னைக் குடைவாங்க. நீங்க பேப்பரில எழுதுற ஆள். உங்களைக் கேக்க மாட்டாங்க."

மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பிரஷால் தேய்த்தேன். பிடியின் அடியில் ஒரு இலக்கம் தெரிந்தது. எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் என்னைக் குடைந்தார்கள்!

கடைசியில் ஒரு பழைய புத்தகத்தை இறக்கினார்கள். அந்த இலக்கத்துக்கு நேரே சிவப்பு மை — 'காணாமல் போனது. விற்றதாகச் சந்தேகம். சார்ஜன் மரியதாஸ் வேலைநீக்கம்.' சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருடத்தில் நடந்த சங்கதி. ரிவோல்வரை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

மரியதாஸ் அண்ணரை எனக்குத் தெரியும். பாலையூற்றில் வீட்டு வாசலிலேயே சைக்கிள் திருத்துகிறார். 'ரிவோல்வர் வித்தவர்' என்று முதுகுக்குப் பின்னால் இன்னமும் சொல்வார்கள்.

நேரே அவரிடம் ஓடினேன். விற்ற ரிவோல்வர் கடலுக்குள் எப்படிக் கிடக்கும்? பழி போய்விட்டதே! துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிடியில ஒரு வளையம்... உடைஞ்சிருந்ததோ?"

"இல்லை. முழுசா இருந்தது."

"அதைத்தான் விசாரணையிலயும் கேட்டவை. அந்த வளையத்தில ஒரு கயிறு. மற்ற நுனி தோளில. தவறினாலும் தொங்கும், விழாது. ஆனா என்ர கயிறு அறாமல் என்னட்டையே இருந்தது. அப்ப விழ ஏலாது, வித்துத்தான் இருப்பாய் எண்டவை."

"பிறகு எப்படி விழுந்தது?"

"மூதூர் லோஞ்சில கடல்ல போறன். தோப்பூர்க்காரர் ஒருத்தற்ற ஆடு கட்டை அறுத்துக்கொண்டு கடலுக்கை பாயப் பாத்தது. கயிற்றைக் கழட்டி ஆட்டைக் கட்டினனான். குனியேக்கை இது வழுக்கிப்போட்டுது."

"அந்த ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டா ஆட்டையுமெல்லோ கொண்டு வந்திருப்பார்! பொலிஸ் முழுக்கச் சிரிச்சிருக்கும், தம்பி."

கள்ளன் என்ற பேரோடு ஒரு மனிதன் இருபத்தைந்து வருடம் இருந்துவிடுவான். கோமாளி என்ற பேரோடு ஒரு நாள்... ஏலாது! நம்மில் எத்தனை பேர் இப்படி? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

குசினிக்குள் ஒரு பாத்திரம் விழுந்தது. அண்ணரின் மனைவி றோசம்மா அக்கா வாசலில் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ஒரு ஆடோ?" என்றார். "நீங்கள் வித்துப்போட்டீங்கள் எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் கோயில்ல கடைசி வாங்கில முகத்தை மறைச்சுக்கொண்டு இருந்தனான்?"

அக்கா சிரித்தார். சிரித்தபடியே அழுதார். எனக்கு எழும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, பேப்பரில எழுதுங்கோ. ஆட்டையும் விடாமல் எழுதுங்கோ."

அண்ணரைப் பார்த்தேன். மெல்லத் தலையாட்டினார். அதனால்தான் எழுதுகிறேன்.

இது அச்சேறும் முன்பே அக்கா ஆட்டுக் கதையை ஊருக்குச் சொல்லிவிட்டார். போன ஞாயிறு பூசை நேரம் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா முதல் வாங்கில், நிமிர்ந்து.

அண்ணரா? கடைசி வாங்கில்!