அடியில்லாத தொட்டிகள்

தண்ணீர் ஊற்றும் முன் அம்மா ஒவ்வொரு தொட்டியிலும் விரலை விட்டுப் பார்க்கிறாள். இஸ்திரி போடுமுன் துணியின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துப் பழகிய தையற்காரியின் விரல். ஈரமானி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்; அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. "இருக்கிற விரலுக்கு என்ன கேடு?" என்று அதைப் பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டாள்.

கழுத்தில் எப்போதும் அளவு நாடா. தக்காளியைக் கொம்போடு கட்டுவது துணிக்கரையால். வளராத செடிக்கு வசவு உண்டு: "நல்லாத் தின்னுட்டுத் தூங்கு, மகாராணி." வளர்ந்த செடியிடம் ஒன்றும் சொல்வதில்லை, கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைப்பாள்.

வாடகை வீடு வாடகை வீடாக மாறியவர்கள் நாங்கள். வண்டியில் முதலில் ஏறுவது அவளுடைய தொட்டிகள், அப்புறம் தையல் மெஷின், அப்புறம்தான் நாங்கள். "தரையில வச்சா வீட்டுக்காரனுக்குத்தான் மிச்சம். தொட்டின்னா நம்மளோட வரும்." அப்பாவுக்கோ தரைதான் வேண்டும். குடியிருப்புக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் பொதுத் தோட்டத்தில் ஒரு துண்டு வாங்கி, விடுமுறையெல்லாம் கொத்திக்கொண்டு கிடந்தார். அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

மழைக்காலத்துக்கு முன் அப்பா இறந்தார். தோட்டச் சங்கச் செயலாளர் வந்தார். மழை ஓய்வதற்குள் பயிர் இல்லையென்றால் துண்டு அடுத்தவருக்குப் போய்விடும் என்றார். விட்டுவிடலாம் என்றேன் நான். தோட்டத்துக் கொட்டகையில் அப்பாவின் ரப்பர் பூட்ஸ் சேறோடு நின்றது; என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

"அவரு கொத்தி வச்ச மண்ணுடா. எவனோ வந்து விதைக்கவா?"

மறுநாளே வீட்டுத் தொட்டிகளை எல்லாம் கொண்டுவந்து, அப்பாவின் துண்டில் நாடா பிடித்து வரிசையாக அடுக்கிவிட்டாள். பக்கத்துத் துண்டுக்காரர் சிரித்தார்: "என்னக்கா, செடியெல்லாம் வாடகைக்குக் குடி வந்திருக்கா?" செயலாளர் சிரிக்கவில்லை. "வேர் மண்ணுல இறங்கணும்மா. தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தா அது பயிர்னு கணக்குல வராது."

அன்று மாலை துணி வெட்டும் கத்தரிக்கோலோடு வந்தாள். அதால் காகிதம் வெட்டியதற்கு நான் சின்ன வயதில் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

"டிரில் கொண்டுவரேம்மா."

"உன் மெஷின் சத்தத்துல வேரெல்லாம் வெலவெலத்துப் போயிடும். தள்ளு."

ஒவ்வொரு தொட்டியாகச் சாய்த்து, அடியை வட்டமாக வெட்டியெடுத்து, அப்பா கொத்திய மண்ணில் பதித்து, சுற்றிலும் குதிகாலால் அழுத்தினாள். பிளாஸ்டிக்கைக் கடித்துக் கடித்துக் கத்தரி மழுங்கிப் போனது.

"தொட்டியையே எடுத்துடலாமே?"

"இடம் பழகுற வரைக்கும் சுத்தி ஒரு சுவர் வேணாமா?"

மழை ஓய்ந்ததும் செயலாளர் வந்தார். குனிந்து பார்த்தார். "இன்னும் தொட்டியிலதானேம்மா இருக்கு?"

அம்மா கொட்டகைக்குள் போய் அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள்; காலுக்குப் பெரிது. மிளகாய்ச் செடியின் முன் கால்களை அகட்டி ஊன்றி, தண்டின் அடியை இரு கைகளாலும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். இலைகள் குலுங்கின. செடி வரவில்லை.

ஓரமாக நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். "இப்ப நீங்க இழுங்க."