மூன்றாவது பேர்

எங்கள் கிராம அலுவலரான விதானையாரின் கோடு போடும் அடிமட்டம் தேக்கில் செய்தது. ஒரு நுனியை எலி கடித்திருந்தது. ஒவ்வொரு கோடு போட்ட பிறகும் அதைச் சட்டை விளிம்பில் துடைப்பார். மை அடுத்த பேரில் ஒட்டக்கூடாதாம். அவ்வளவு துப்புரவான மனிதர்.

சண்டை முடிந்த மீள்குடியேற்றக் காலம். மன்னார்ப் பட்டினத்தில் எங்கள் பிரிவில் சனம் நெரிந்தது; ஒரு வளவுக்குள் நாலு குடும்பம், ஒரு கிணறு. அப்போதுதான் வீட்டுத்திட்டம் வந்தது. மூன்று பேருக்குக் குறைந்த குடும்பத்துக்கு வீடு இல்லை என்பது விதி. விதானையாருக்கு உதவியாகப் பட்டியல் எழுதியவன் நான். அந்தப் பட்டியலில் ஒரு அக்கா, புருஷனோடு தன் தமையனின் வளவில் தறப்பாள் கொட்டிலில் இருந்தவர். நாற்பது தாண்டியிருக்கும். குடும்ப அட்டையில் ஐந்து பேர்; பிள்ளைகள் மூன்றும் கடைசிச் சண்டையில் போய்விட்டன. விதானையார் அடிமட்டத்தை வைத்தபோது, பேர்களை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லி அக்கா கும்பிட்டார். விதானையார் மூன்று கோடும் இழுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"செத்ததுகளுக்கு வீடு குடுக்கேலாது. வேணுமெண்டால் இன்னொண்டைப் பெத்துக்கொண்டு வாங்கோ."

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த என் வாய் புழுத்துப் போகவில்லையே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அக்கா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. அடுத்த வருஷம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, கிளினிக் அட்டையை மேசையில் வைத்தார். "இதையும் ஒரு ஆளாப் போடுங்கோவன்." வயிற்றில் கிடப்பது கணக்கில் வராது, பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் விதானையார். "ஓம், கொண்டுவாறன்" என்று அக்கா முகம் வாடாமல் போனார். சோளகக் காற்று மண்ணை அள்ளி எறிந்த நாள். நிறைமாதக்காரிக்கு ஒரு கதிரை இழுத்துப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

சான்றிதழ் வந்தது. கொண்டுவந்தவர் புருஷன், கையில் துவாயில் சுற்றிய பெண்பிள்ளை. மேசையில் இரண்டு கடதாசி வைத்தார். ஒன்று பிறப்பு, மற்றது இறப்பு. பெற்ற மூன்றாம் நாள் இரத்தம் போய் அக்கா செத்திருந்தார். விதானையார் பிள்ளையின் பேரை முத்து முத்தாக எழுதினார். பிறகு அடிமட்டத்தை எடுத்து அக்காவின் பேரை வெட்டினார். சட்டை விளிம்பில் துடைத்தார்.

"இப்பவும் ரெண்டு பேர்தான், தம்பி."

அந்த மனிதர் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார். அது வீரிட்டது.

விதானையார் வேலையிலிருந்து இளைப்பாறிவிட்டார், அவருடைய கதிரையில் இப்போது நான். எங்கள் பிரிவில் பிறப்பு குறைந்துகொண்டு போகிறதாம். காரணம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பதிலுக்கு அட்டவணை கீற வேண்டும். மேசை இலாச்சியில் கிடந்த எலி கடித்த அடிமட்டத்தை எடுத்தேன். ஒரு கோடு கீறினேன். அடுத்ததைக் கீற முன்னம், என்னை அறியாமலே அதைச் சட்டை விளிம்பில் துடைத்தேன்.