மூன்று கட்டங்களும் ஒரு மேசையும்

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையையும் அதோடிருந்த பாரத்தையும் நான்கு முறை படித்தேன். நான்காவது முறை, முதல் முறையைவிடக் குறைவாகவே புரிந்தது. பதினெட்டு வருடமாகத் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள் நான். பூவுக்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்கிறேன். இந்தப் பாரத்துக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டுப் புதிது தரப்போகிறார்களாம். மூன்று கட்டங்களில் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் டிக் செய்ய வேண்டும். ஒன்று, டெஸ்க்டாப், பழுதானால் அவர்களே வந்து பார்ப்பார்கள். இரண்டு, லேப்டாப், அதையும் பார்ப்பார்கள். மூன்று, சொந்தமாக எதையாவது கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். என்ன ஆனாலும் எங்களைக் கூப்பிடாதீர்கள். அதற்குக் கீழே ராம், கோர் என்று ஒரு பட்டியல். அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்தாற்போல இரண்டு வரி. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

"லேப்டாப்பே போட்டுடுங்க மேடம், வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகலாம்" என்றார் பக்கத்து மேசைக்காரர். துறைத் தலைவர் டெஸ்க்டாப்தான் உழைக்கும் என்றார். அவர் டிக் செய்திருந்தது லேப்டாப். கல்லூரியில் படிக்கும் என் மகன் கிராஃபிக்ஸ் கார்டு பற்றி அரை மணி நேரம் விளக்கினான். கேட்டு முடித்தபோது எனக்கு டிக் என்றால் என்னவென்பதே சந்தேகமாகிவிட்டது. கணவர் மட்டும், "லேப்டாப்தான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். யோசிக்காதவர் சொன்னதைக் கேட்டு, வியாழக்கிழமை இரண்டாவது கட்டத்தில் டிக் செய்து அனுப்பினேன்.

அன்று மாலை தரமணியில் ரயிலேறி மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தால், ஹாலில் டிவிக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை. கணவர் பாண்டி பஜார் போய் வாங்கி வந்திருந்தார்.

"உனக்குத்தான். இனிமே நாலு மணிக்கே கிளம்பி வந்துடலாம். சமைச்சு முடிச்சுட்டு இங்கேயே உக்காந்து வேலை பாரு."

பாசமாகத்தான் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஏன் அதில் உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை என்று அப்போது தெரியவில்லை. காலையில் பார்த்தால் அந்த மேசைமேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி, மகனின் ஹெல்மெட், பாதி உரித்த பூண்டு.

துறைக்குப் போனேன். கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஊழியர் என் ஜன்னலோர மேசையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"டேபிள் போவுது மேடம். லேப்டாப் போட்டவங்களுக்கு தனி சீட்டு கிடையாது. மாடில பொது ரூம் கீது, காலியா கீற எடத்துல குந்திக்கலாம். பாரத்துல கீழ ரெண்டு வரி போட்டுக்கீறாங்களே, பாக்கலியா?"

அந்த எறும்பு வரிகள்! முதலில் பாரத்தின்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல். தினமும் நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை நான் அந்த மேசையில்தான் இருப்பேன். விடைத்தாள் திருத்துவேன். சில நாள் ஒன்றுமே செய்யாமல் வெளியே இருக்கும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதன் டிராயர் சாவி என்னிடம் மட்டும்தான் உண்டு. வீட்டில் நான் திறக்காத அலமாரி இல்லை. எனக்கென்று பூட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை.

"இப்ப மாத்த முடியுமா?"

"சாயங்காலம் வரிக்கும் டைம் கீது மேடம். இன்னா காரணம்னு மட்டும் எழுதணும்."

மாற்றுப் பாரத்தில் டெஸ்க்டாப்பை டிக் செய்தேன். காரணத்துக்கு ஒரே ஒரு வரிதான் இடம். 'பெரிய திரை தேவை' என்று எழுதினேன். பொய். அடித்தேன். 'கண் வலி' என்று எழுதி அதையும் அடித்தேன். மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினேன்: 'வீட்டில் எனக்கு உட்கார இடம் இல்லை.'

அவர் வாங்கிப் படித்தார். குனிந்து, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

லேப்டாப் எப்போது வரும் என்று கணவர் இன்றும் கேட்கிறார். வரும் என்கிறேன். முன்பின் பழகாத ஒருவரிடம் எழுதிக்கொடுத்த அந்த ஒரு வரியை இவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.