சேற்றுக் கைதட்டல்

புது சோப்பு டப்பாவின் பிளாஸ்டிக் வாசனை என்னை எண்பதுகளின் குரும்பகரம் கிராமத்துக்கே கொண்டுபோய்விடுகிறது. பள்ளியின் குழந்தைகள் தின விழாவன்று, ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த என் தோழி செல்வி அம்மாவோடு தாளடி நெல் நடவுக்குப் போயிருந்ததால், டீச்சர் அவள் பரிசான சோப்பு டப்பாவை என்னிடம் கொடுக்க, பந்தலே கைதட்டியது. கடைசியாக ஓடிவந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

இன்று வீட்டுமனைகளாகிவிட்ட அந்த வயலுக்கு ஓடி டப்பாவை நீட்டினேன். செல்வி வாங்கவில்லை.

“கை தட்டுனாங்களாடி?”

“தட்டுனாங்க. ஆனா எனக்குத்தான தட்டுனாங்க!”

அவள் முகம் சுருங்கிப்போனது. அவள் அம்மா நாற்றைக் கீழே போட்டார்.

“எம் பொண்ணுக்கு எல்லாரும் தட்டுங்கடி!”

குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, முகமெல்லாம் சேறு தெறிக்கத் தட்டினார்கள்.

அப்புறம்தான் செல்வி டப்பாவுக்குக் கை நீட்டினாள்.