ஒருமையில் ஒரு வசனம்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் போன எத்தனையோ பேருக்குச் சொல்லை மீட்டுக் கொடுத்தவர் பல்செட்டுக்காரர். அவருடைய சொந்தப் பற்களில் ஒன்றுகூட ஆடவில்லை. ஆயினும் ஒரேயொரு சொல் அவர் வாயைவிட்டுப் போய்விட்டது. மகனை நோக்கிச் சொல்ல வேண்டிய ‘நீ’ என்பதே அச்சொல்.

பல் மருத்துவமனை ஒன்றின் பின்பக்கத்து அறைதான் அவருடைய பட்டறை. நோயாளியின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. வாயில் எடுத்து மருத்துவர் அனுப்பும் மாவு அச்சை மட்டுமே பார்ப்பார். இளஞ்சிவப்பு மெழுகில் பற்களைப் பதிக்கும்போது முன்பல் ஒன்றை மயிரிழை திருப்பி வைப்பது அவர் வழக்கம்.

“வரிசை பிசகாம இருந்தா, பாக்கறவங்க உடனே செட்டுன்னு சொல்லிடுவாங்க டாக்டர். கொஞ்சம் கோணல் இருந்தாத்தான் சொந்தப் பல்லு” என்று மருத்துவரிடமே வாதாடுவார். அந்த ஒரு விஷயத்தில் மருத்துவரும் அவரோடு மல்லுக்கு நிற்பதில்லை.

அவருடைய மனைவி நோயில் கிடந்தபோது, வெளியூரில் வேலை பார்த்த மகன், “லீவு கிடைக்கலப்பா, அடுத்த வாரம் வரேன்” என்று தள்ளிக்கொண்டே போனான். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். கையில் பையோடு வாசலில் நின்றவனைப் பார்த்துப் பல்செட்டுக்காரர், “வாங்க. உள்ள வந்து உக்காருங்க” என்றார்.

கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் அதன் தடம் அன்று மாலைக்குள் மறைந்திருக்கும். மரியாதை மறையவில்லை. கோபத்தில் ஏறிய பன்மை, கோபம் ஆறிய பின்னும் இறங்கவில்லை. தொலைபேசியில், “சாப்பிட்டீங்களா?” என்பார் இவர். “சாப்பிட்டேன். நீங்க?” என்பான் அவன். “ஆச்சு” என்பதோடு பேச்சு முடியும். இருவருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசக்கூடியவள் சுவரில் படமாகத் தொங்கினாள். கண்ணாடி முன் நின்று, “நீ வாடா” என்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவரிடம் எளிதாக வந்த சொல், தொலைபேசியை எடுத்தால் ‘நீங்க’ ஆகிவிட்டது.

இந்நிலையில்தான், விடுமுறை நாளின் தனிமை தாங்காமல், அவர் நடிப்பு வகுப்பில் சேர்ந்தார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு கூடம்; ஞாயிறுதோறும் வகுப்பு. பழைய மேடை நடிகரான மாஸ்டர், ஒவ்வொருவரையும் கேமரா முன் தனியே பேச வைப்பார். பிறகு அதைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டி, மற்றவர்களைக் கருத்துச் சொல்லச் சொல்வார். பதிவை அவரவர் கைப்பேசிக்கும் அனுப்பி வைப்பார். மாஸ்டர் நீட்டிய வசனத் தாள்களைப் புரட்டியபோது, வீட்டைவிட்டுப் போன மகனைத் தந்தை அழைக்கும் வசனம் பல்செட்டுக்காரர் கண்ணில் பட்டது. தம் சொல்லாகச் சொல்ல முடியாததைப் பிறர் எழுதிய வசனமாகவாவது சொல்லி, அப்பதிவை மகனுக்கு அனுப்பிவிடலாம் என்று அவர் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டார். எவரிடமும் மூச்சு விடவில்லை.

அவருடைய முறை வந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

“நீ போனதுலேருந்து வாசல் லைட்ட நான் அணைச்சதே இல்லடா. உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? நீ...”

அடுத்த சொல் ‘வாடா’. பல்செட்டுக்காரரின் பார்வை கேமராவிலிருந்து வழுவித் தரையில் விழுந்தது. குரலும் தாழ்ந்தது.

“வாங்க. உள்ள வந்து உக்காருங்க... சாப்பிட்டீங்களா?”

தாளில் இல்லாத சொற்கள். மாஸ்டர் கேமராவை நிறுத்தினார்.

பதிவு ஓடி முடிந்ததும் மாஸ்டர், “முதல்ல நல்லதச் சொல்லணும், அப்புறந்தான் குத்தம்” என்று தம் விதியை நினைவூட்டினார்.

எல்லாரும் ‘பாலிசி’ என்று அழைக்கும் காப்பீட்டு முகவர் முந்திக்கொண்டார். “நல்லது என்னன்னா, அண்ணனோட பல்வரிசை. குத்தம் என்னன்னா, பெத்த புள்ளைய எந்த அப்பனாவது வாங்க போங்கன்னு கூப்பிடுவானா? வந்திருக்கறது மகனா, மாப்பிள்ளையா?”

கூடமே சிரித்தது. பல்செட்டுக்காரரும் சிரித்து வைத்தார்.

வங்கியில் வேலை செய்யும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. “எனக்கு அந்த எடத்துலதான் சார் வயித்தப் பிசைஞ்சுது. ஏன்னு சொல்லத் தெரியல.”

“அது பசிம்மா” என்றார் பாலிசி.

மாஸ்டர் தாடையைத் தடவினார். “வேணும்னே மாத்தினீங்களாண்ணே? யோசிச்சுச் செஞ்சிருந்தீங்கன்னா இதையே வெச்சுக்கலாம்.”

சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் வாசலும் பையும் படமும் அத்தனை பேர் நடுவில் வந்து விழும். “இல்ல மாஸ்டர், வாய் தவறிடுச்சு. அத அழிச்சிடுங்க. இன்னொரு தடவ பேசறேன்” என்றார் அவர்.

“இருந்துட்டுப் போகட்டுமே சார்” என்றாள் அந்தப் பெண்.

“வேணாம்மா. தப்பு தப்புதான்.”

மாஸ்டர் அழித்தார். இரண்டாம் முறை பல்செட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். ‘நீ வாடா, வந்தா போதும்’ என்பது வரை ஓர் எழுத்தும் பிசகவில்லை. ஒருமை ஒருமையாகவே நின்றது. பாலிசி எழுந்து நின்று கைதட்டினார். “இதான் அப்பன்!”

படியிறங்கும்போதே பல்செட்டுக்காரர் அப்பதிவை மகனுக்கு அனுப்பினார். கூட ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் எந்தச் சொல்லில் தொடங்குவது?

மறுநாள் பட்டறையில் மெழுகைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி மினுங்கியது. மகன் எழுதியிருந்தான்: “பார்த்தேன். ரொம்ப நல்லா நடிச்சிருக்கீங்கப்பா.”

அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு மாஸ்டரை அழைத்து, “அந்த மொதல் தடவ பேசினது எங்கயாவது மிச்சம் இருக்குமா?” என்று கேட்டார்.

“நீங்கதானண்ணே நின்னு அழிக்க வெச்சீங்க. ஏன், இதுக்கு என்ன கொறச்சல்? அப்பழுக்கு இல்லாம இருக்கே!”

பல்செட்டுக்காரர் கைப்பேசியை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தார். மெழுகில் பதித்திருந்த முன்பற்கள் அளவுகோல் வைத்தாற்போல் நேராக நின்றன. யார் பார்த்தாலும் செட்டு என்று சொல்லிவிடுவார்கள்.

கைப்பேசியை மீண்டும் எடுத்து, “அது நடிப்பு இல்ல” என்று எழுதினார். அடுத்து ‘நீ’ என்று எழுதினார். விரல் அங்கேயே நின்றது. மெழுகு ஆறி இறுகும்வரை நின்றது. பின்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு சொல் எழுதி அனுப்பினார்.

“சரிங்க.”