ஐந்தாவது மைதானத்துக் குரல்

ஒளிபரப்புத் தொழிலில் எல்லாரும் அவரைக் காதண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மைதானத்தில் பத்து மைக் நட்டால் எதில் ஈரம் இறங்கியிருக்கிறது, எது காற்றில் ஆடுகிறது என்று கேட்டே சொல்லிவிடுவார். அப்போதெல்லாம் ஒரு ஆட்டத்துக்குப் பதினாலு பேர் ஒரே வண்டியில் போவார்கள். கேபிள் இழுக்கும்போது சண்டை, பொட்டலம் பிரிக்கும்போது சண்டை, திரும்பி வரும்போது முன் சீட்டுக்குச் சண்டை.

இப்போது வண்டியும் இல்லை, சண்டை போட ஆளும் இல்லை. மைதானங்களில் கேமராவையும் மைக்கையும் கம்பத்தில் நிரந்தரமாக அறைந்துவிட்டார்கள். பந்து போகும் பக்கம் கேமரா தானே திரும்பும். உதைக்கும் சத்தம், விசில், கைதட்டல் எல்லாவற்றையும் மிஷினே பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். காதண்ணன் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் தனியாக உட்கார்ந்து, ஐந்து மைதானங்களை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்வது என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. அதற்குத்தான் சம்பளம்.

வீட்டிலும் அதே கதை. பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போன மனைவி, போய் இரண்டு வருஷம் ஆகிறது. மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. வருகிறேன் என்கிறாள், வரவில்லை. அவ்வளவுதான்.

ஐந்தாவது மைதானம் ஒரு சின்ன கால்பந்து மைதானம். இரண்டாம் தர அணிகள் ஆடும் இடம், வர்ணனையாளர் வைக்கக் கட்டுப்படியாகாது. ஆனால் அங்கே மைக் கம்பத்துக்குக் கீழே ஒரு ஆள் வந்து நிற்பார். வயசானவர். ஆட்டம் தொடங்கியதிலிருந்து வாயை மூட மாட்டார்.

"இடது பக்கம் வர்றான். குட்டையன் வாங்கிட்டான். விடு, விடு, நேரா விடு. போச்சு, வெளிய அடிச்சிட்டான் கழுதை. ரெபரி எங்க பாக்குறான்? மேகத்தைப் பாக்குறான்."

முதலில் கொஞ்சம் கழன்ற ஆள் என்றுதான் காதண்ணன் நினைத்தார். பிறகு தொண்டைக்காரர் என்று பேர் வைத்தார். பிறகு சனிக்கிழமை மதியம் அந்தக் குரல் வந்தால்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது என்று ஆகிவிட்டது. சில நேரம், "கழுதையேதான்" என்று அறையில் வாய்விட்டுப் பதிலும் சொல்வார்.

பார்க்கிறவர்களிடமிருந்து புகார் வந்தது. யாரோ உளறுகிறார், ஆட்டத்தைக் கேட்க முடியவில்லை என்று. தாழ்வாரத்துக் கோடியில் கண்ணாடி அறையில் உட்காரும் சூப்பர்வைசர் பெண், காதில் மாட்டிய ஹெட்போன் வழியாகச் சொன்னாள்: "அண்ணே, அந்தக் குரலை மார்க் பண்ணிடுங்க. மிஷின் கத்துக்கும்."

ஒரு சத்தத்தை வேண்டாம் என்று குறித்துக் கொடுத்தால் மிஷின் அதை அடையாளம் வைத்துக்கொண்டு இனிமேல் வெட்டிவிடும். மூன்று இடத்தில் குறித்தாலே போதும். காதண்ணன் நாற்பது இடத்தில் குறித்தார். இருமல், செருமல், தூரத்தில் நின்று முணுமுணுப்பது, ஒன்றையும் விடவில்லை. தொழில் தெரிந்தவனுக்கு அரைகுறையாகச் செய்ய வராது. அதுதான் அவர் செய்த தப்பு.

அடுத்த சனிக்கிழமை ஐந்தாவது மைதானத்தில் உதைக்கும் சத்தமும் விசிலும் மட்டும் வந்தன. கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. டப்பாவை மூடியபடியே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மூன்றாவது வாரம் பொறுக்க முடியவில்லை. மிஷின் கை வைப்பதற்கு முன்னால் மைக்கிலிருந்து அப்படியே வரும் லைனை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டார். இரண்டாம் பாதி தொடங்கப் போகிற நேரம். தொண்டைக்காரர் அங்கேதான் இருந்தார். மைதானத்து வாசலில் கேட்டைத் திறந்து மூடும் கேட்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, மூணு வாரமா கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கத்துக் கத்துறே?" என்றார் கேட்காரர்.

"வீட்டுல அவளுக்கு நான் பேசுறது விழமாட்டேங்குது. கண்ணு போனதுலேருந்து போன்ல இந்த ஒளிபரப்பைப் போட்டு வெச்சுக்கிட்டு, இந்த மைக்ல நான் சொல்லச் சொல்லத்தான் ஆட்டம் கேப்பா. இப்ப விசில் மட்டுந்தான் வருதாம்."

"வேற ஏதாவது சொன்னாளா?"

"கிரவுண்டுக்குத்தான் போறீங்களா, இல்ல வேற எவளையாவது பாக்கப் போறீங்களான்னு கேக்குறா."

கேட்காரர் சிரித்தார். "இந்த மூஞ்சிக்கா?"

"அவளுக்குத்தான் மூஞ்சி தெரியாதே. இன்னிக்கும் விழலைன்னா அடுத்த வாரத்துலேருந்து வர்றதா இல்லை. அவளைத் தனியா விட்டுட்டு நான் மட்டும் எதுக்குப் பாக்கணும்."

காதண்ணன் ஹெட்போனை இரண்டு காதுக்கும் மாட்டினார். குறித்ததை அழிக்கப் பார்த்தார். அனுமதி வேண்டும், அடுத்த வாரத்திலிருந்துதான் அமலுக்கு வரும் என்று திரை சொன்னது. ஒரே வழிதான் இருந்தது. அந்த மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் பேடரைக் கையால் மேலே தள்ளினால் குரல் போகும். விரலை எடுத்த நிமிஷம் மிஷின் அதைக் கீழே இழுத்துவிடும். அதாவது நாற்பத்தைந்து நிமிஷமும் விரல் அங்கேயே இருக்க வேண்டும். மற்ற நாலு மைதானமும் அவை பாட்டுக்கு ஓட வேண்டியதுதான்.

தள்ளினார்.

கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் சூப்பர்வைசர் வந்தாள். "அண்ணே, அஞ்சுல யாரோ பேசுறாங்க. மிஷின் விட்டிடுச்சா?"

"மிஷின் விடலைம்மா. நான் விட்டேன்."

"ஏன்?"

"வீட்டம்மாவுக்குச் சொல்றாரு. அவங்களுக்குக் கண்ணு தெரியாது."

"ரெண்டாவது மைதானத்துல ஒரே இரைச்சலா வருது. அதைப் பாருங்க, கையை எடுங்க."

"ஆட்டம் முடியட்டும்."

"எழுதி வெப்பேன் அண்ணே. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"எழுதிக்கம்மா."

விரல் மரத்துப் போனது. கையை மாற்றிப் பிடித்தார். எழுபதாவது நிமிஷம் மைதானத்தில் போன் அடித்தது. தொண்டைக்காரர் எடுத்தார். "என்னது? விழுதா? எல்லாமா? கழுதைன்னதுமா?" கொஞ்சம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிடி, வெச்சிடு. குட்டையன் ஓடுறான், சொல்ல வேண்டாமா?"

அவள் என்ன சொன்னாள் என்பது காதண்ணனுக்குக் கேட்கவில்லை. எந்த மைக்கிலும் கேட்காது.

ஆட்டம் முடிந்ததும் சூப்பர்வைசர் நேரிலேயே வந்தாள். அந்த அறைக்கு ஆள் வருவதே அபூர்வம். உட்கார இன்னொரு நாற்காலி இல்லாததால் கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஏழு கம்ப்ளெயின்ட். ரெண்டாவது மைதானத்துக்கு மட்டும் நாலு. கையை நீட்டுங்க, இப்படியா வீங்கும்?" என்றாள். பிறகு, "மார்க்கை எடுத்துடுறேன். குரலைப் பாதியா வெச்சுக்கலாம், மேலே நான் பேசிக்கிறேன். ஆனா அந்த மைதானத்தைக் கீழ் மாடிக்காரருக்கு மாத்துறேன். உங்ககிட்ட இருந்தா மத்த நாலையும் அம்போன்னு விட்டிடுவீங்க."

"விடுவேன்தான்" என்றார் காதண்ணன்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய ஐந்தாவது திரையில் வேறு மைதானம் வந்தது. அங்கே வந்தவர்கள் கை தட்டினார்கள், பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனில் அந்தப் பழைய மைதானத்தின் ஆட்டத்தைத் தேடிப் போட்டார். முடிவு தெரியும், இரண்டுக்குப் பூஜ்யம். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். குரல் பாதி அளவில்தான் வந்தது. இடது பக்கம் வருகிறானாம். குட்டையன் வாங்கிவிட்டானாம். வேறொரு வீட்டுக்குப் போக வேண்டிய பேச்சு. காதண்ணன் நாற்காலியை மேசைப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.