மழையை நிறுத்தும் ஃபைல்

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் என்னிடம் ஏதாவது கேட்டு ஆறு வாரம் இருக்கும்.

“அம்மா, இதுல ஒரு ஃபோல்டர் இருக்காம். எனக்குத் தேட ஏலல.”

“எதுக்கு?”

“கேம்ல மழை வருது. அத நிப்பாட்ட ஒரு ஃபைல் இருக்கு. அந்த ஃபோல்டர்ல போடணும்.”

அப்போது நாங்கள் மாத்தளை டவுனில், அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தோம். இரத்தோட்டைக்கு மேலே சரிவில் இருந்த எங்கள் வீட்டின் பின்பாதியை மண்சரிவு கொண்டுபோய்விட்டது. முன்பாதி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். என் பிள்ளைக்கு ஆகியிருந்தது. பதினைந்து வயது, சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள், வானம் கொஞ்சம் கறுத்தால் பள்ளிக்கூடம் போகமாட்டாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பாள். இவள் இனி என்னை விட்டு எங்கேயுமே போகமாட்டாளோ என்பதுதான் அந்த நாட்களில் என்னை அரித்த பயம்.

காரணம் எனக்குத் தெரியும். அன்று கிராம சேவகர் வந்து, மண் சரியலாம், வீட்டை விட்டு இறங்குங்கள் என்று சொன்னதும் நாங்கள் இரண்டு பேரும் ரோட்டுக்கு வந்துவிட்டோம். கணவர் கொழும்பில் வேலையில் இருந்தார். ரோட்டில் நிற்கும்போதுதான் பத்திரப் பை ஞாபகம் வந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், நாடற்றவராக இருந்த என் அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்த கடதாசி. எங்கள் குடும்பம் சாப்பாடு இல்லாமல் இருந்திருக்கிறது, அந்தப் பை இல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை. அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினேன். பையோடு முன்வாசலுக்கு வந்தபோது பின்னால் குசினி விழுந்தது. ரோட்டிலிருந்து அவளுக்குத் தெரிந்தது சரிந்து வரும் மண் மட்டும்தான். நான் இறங்கி வந்ததும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பையைத்தான் பார்த்தாள். அதைப் பற்றி இருவரும் பேசவேயில்லை.

மடிக்கணினி சீகிரியாவில் ஹோட்டல் வேலை செய்யும் என் தம்பியின் பழைய மேக். பொழுது போகட்டும் என்று கொடுத்திருந்தான். அதில் வீடு கட்டி, ஆட்களைக் குடிவைத்து விளையாடும் ஒரு கேமை மகள் கண்டுபிடித்திருந்தாள். அதற்குள் மழை பெய்தால் பட்டென்று மூடிவிடுவாள்.

யாரோ இணையத்தில் எழுதியிருந்த ஆங்கிலக் குறிப்பை நான் வாசித்தேன். நான் ஆசிரியை, குறிப்பு வாசிப்பது பழக்கமான வேலை. தேடவேண்டிய ஃபோல்டரின் பெயர் லைப்ரரி. தெரியாமல் கைபட்டு எதுவும் அழிந்துவிடக்கூடாது என்று மேக் அதை மறைத்து வைத்திருக்கிறதாம். மேலே ‘கோ’ என்ற பட்டியலைத் திறந்தோம். இல்லை. இன்னொரு தடவை வாசித்தேன்.

“ஆப்ஷன் கீய அழுத்திக்கிட்டே திறக்கணும். நீ அழுத்து.”

அவள் அழுத்தினாள். அதுவரை இல்லாத பெயர் பட்டியலின் நடுவில் வந்தது. கையை எடுத்தாள், போனது. மறுபடி அழுத்தினாள். அவள் சிரித்ததைக் கண்டு நானும் சிரித்தேன். லைப்ரரிக்குள் இன்னொன்று, அதற்குள் கேமின் பெயரில் ஒன்று, அதற்குள் மோட்ஸ் என்ற ஃபோல்டர். அங்கே ஃபைலைப் போட்டுவிட்டு கேமைத் திறந்தாள்.

வெயில் அடித்தது. திரையில் எங்கள் வீட்டின் முன்பக்கம் இருந்தது. அதே பச்சைச் சுவர், அதே இரண்டு ஜன்னல். வெளியே ரோட்டில் மூக்குக்கண்ணாடி போட்டு, கொண்டை முடிந்த ஒரு பெண். அது நான்.

“கதவு எங்க?” என்றேன்.

“வைக்கல.”

“ஏன்டி?”

“வச்சா நீங்க உள்ள போவீங்க.”

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். “சனிக்கிழமையும் போறீங்கதானே? பெரியப்பா போன்ல லொறி பேசினது கேட்டுச்சு.”

முன்னறையில் மிஞ்சியிருந்த அலுமாரியை எடுத்து வர அக்காவின் கணவரோடு போவதாக ஏற்பாடு. இவளிடம் மறைத்திருந்தேன். எழுந்து மாடிப்படிக்குப் போனேன்.

“அத்தான், சனிக்கிழமை நான் வரல. நீங்களும் போக வேணாம்.”

கீழேயிருந்து அவர் குரல் வந்தது. “நல்ல தேக்கு அலுமாரி. கறையானுக்குச் சீதனமா குடுக்கப் போறியா?”

“குடுத்துட்டுப் போறேன்.”

திரும்பி வந்து உட்கார்ந்தேன். “அன்னைக்கி உன்னை ரோட்டுல விட்டுட்டுப் போனது பிழை,” என்றேன். பிள்ளைகளின் கொப்பிகளில் தினமும் பிழை போடுகிற எனக்கு, அந்த ஒரு வாக்கியத்துக்கு ஆறு வாரம் எடுத்திருந்தது.

“நான் கத்தினேன். நீங்க திரும்பிப் பாக்கவே இல்ல.”

“கேக்கல, மகள்.”

“அதுதான்,” என்றாள். அவள் அழவில்லை. வீட்டுக்குக் கதவும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை வானம் மூட்டமாக இருந்தும் பள்ளிக்கூடம் போனாள். நான் இன்னும் லீவில்தான் இருந்தேன். இடைவேளைக்கு வகுப்பு டீச்சரின் போனிலிருந்து அழைத்தாள்.

“எங்க இருக்கீங்க?”

“டவுன்ல. மரக்கறி வாங்குறேன்.”

அவள் பக்கத்தில் பிள்ளைகளின் இரைச்சல். பிறகு, “இங்க தூறுது,” என்றாள்.

“இங்கயும்தான். வந்து கூட்டிட்டுப் போகவா?”

“இன்னும் ரெண்டு பாடம் இருந்து பாக்குறேன். போனைக் கையிலயே வச்சிருங்க.”

கையிலேயே வைத்துக்கொண்டு, மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கடையோரமாக நின்றேன்.